பாட்டுத் தட்டும் சோற்றுத் தட்டும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

இசைத்தட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குப் பழைய சினிமாக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. பெரிய பங்களா, குழாய் வைத்த பெட்டி, சாய்வு நாற்காலியில் ஒரு ஜமீன்தார். அதனால் இசைத்தட்டு என்பது பணக்காரர் பொருள் என்றும், அதைத் துடைத்துப் பாதுகாப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்றும் ஓர் எண்ணம் ஊன்றிப் போய்விட்டது. இவ்வெண்ணம் தவறானது என்பதே என் கருத்து. 150 ரூபாய்க்குள், சமையலறையிலும் தையற்கடையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, நம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களே இதைச் செய்ய முடியும். செய்யாமல் விட்டால் எடைக்குப் போய்விடும் என்பதால் செய்யவும் வேண்டும்.

பழவேற்காட்டுப் பக்கத்தில் இசைத்தட்டுகள் ஜமீன்தார் வீட்டில் இருந்தவை அல்ல. மைக் செட்டுக்காரர் வீட்டில் இருந்தவை. எங்கள் பெரியவர்கள் அவற்றை இசைத்தட்டு என்று சொல்வதில்லை, 'பிளேட்டு' என்பார்கள். கல்யாணமோ, மாதா கோவில் திருவிழாவோ, அம்மன் கோவில் கூழ் ஊற்றலோ, தென்னை மரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிப் பிளேட்டு போட்டால்தான் விசேஷம் தொடங்கியதாகக் கணக்கு. ஏரியில் வலை போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் அந்தப் பாட்டுக் கேட்கும். எந்தக் குப்பத்தில் விசேஷம் என்று படகில் இருந்தபடியே சொல்லிவிடுவார்களாம். என் தாத்தாவும் மைக் செட் வைத்திருந்தவர். அவரிடம் இருந்த இரண்டு பிளேட்டுப் பெட்டிகளில் ஒன்று 2004-ஆம் ஆண்டு சுனாமியில் போயிற்று. மற்றொன்று தண்ணீரில் நனைந்து, சேறும் உப்புமாகத் திரும்பக் கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது அது பரண் மேல் இருந்ததால் தப்பியது. அந்தப் பெட்டியைப் பரணில் இருந்து இறக்கியபோதுதான் வீட்டில் விவாதம் ஆரம்பமாயிற்று.

"எடைக்குப் போட்டா இடமாவது மிச்சம். இதுல இருக்கிற பாட்டெல்லாம் போன்லயே வருது" என்றார் சித்தப்பா.

சித்தப்பாவின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. எங்கள் வீடு சிறியது. வலைக்கும் ஐஸ் பெட்டிக்குமே இடம் போதாது. ஆனால் போனில் வரும் பழைய பாட்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா என்ற நாடகப் பாடகர் 1933-ஆம் ஆண்டு தமது 27-ஆம் வயதில் காலமானார். அவர் எந்தத் திரைப்படத்திலும் நடிக்கவில்லை. தமிழ்நாட்டையே மயக்கிய அந்தக் குரல் இன்று நமக்குக் கேட்கிறது என்றால் அதற்கு ஒரே காரணம், அவர் பாடிய இசைத்தட்டுகளைச் சிலர் உடையாமல் வைத்திருந்து, தூசி துடைத்து, ஊசி வைத்து ஓட்டி, அதைக் கணினியில் ஏற்றியதுதான். 1948-இல் வெளிவந்த 'ஞானசவுந்தரி' படத்தில் ஜிக்கியும் பி. ஏ. பெரியநாயகியும் மாதாவை நோக்கிப் பாடும் பாட்டை நம் பள்ளியில் அறியாதவர் உண்டா? மதம் பாராமல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளிலும் பாடப்பட்ட பாட்டு அது. அந்தக் காலத்தில் அதை வீட்டில் கேட்க இசைத்தட்டை விட்டால் வானொலிதான். அந்த வானொலி நிலையமும் இசைத்தட்டைத்தான் சுழல விட்டது. ஆகவே, யாரோ ஒருவர் துடைத்த தட்டுத்தான் போனில் பாட்டாக வருகிறது. துடைக்கப்படாத தட்டில் இருந்த பாட்டு வருவதில்லை. அப்படி ஒரு பாட்டு இருந்தது என்பதே நமக்குத் தெரிவதில்லை. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் போன்றவர்கள் பல்லாயிரக்கணக்கான தட்டுகளைச் சேர்த்தார்கள் என்றால், அவற்றில் பலவும் மற்றவர்கள் வேண்டாம் என்று கழித்தவையாகத்தானே இருந்திருக்கும்! பழைய புத்தகமும் பழைய ரிக்கார்டும் விற்ற மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. அன்று எரிந்தவற்றில் வேறு பிரதி இல்லாத தட்டுகள் எத்தனையோ!

எங்கள் ஊரில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மண்டையோடு செதுக்கிய அந்தக் கற்களைத் தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது. வெளிநாட்டில் இருந்துகூட வந்து பார்க்கிறார்கள். அது சரிதான். ஆனால் நம் பாட்டன் பாட்டிமார் கேட்டு அழுத, ஆடிய பாட்டுக்கு வேலி போட யாரும் வரமாட்டார்கள். அது வீட்டு வேலை.

சுத்தம் செய்யத் தொடங்குமுன் ஒன்றை நிச்சயமாக அறிந்துகொள்ள வேண்டும். கறுப்பாக, வட்டமாக இருப்பவை எல்லாம் ஒரே சாதி அல்ல. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கினால் ஆனது. பார்சலுக்கு முத்திரை வைக்கிறோமே, அதே அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சியின் கசிவு அது. அதனுடன் கல்மாவும் கரியும் கலந்து அழுத்தினால் தட்டு. இந்தியாவில் 1908 முதல் கல்கத்தாவில் தட்டு அச்சிட்டார்கள். நாய் படம் போட்ட தட்டு என்றால் எங்கள் ஆயாவுக்கும் தெரியும். இத்தட்டு கனமானது, கீழே விழுந்தால் ஓடு போல உடையும், ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடம்தான் பாடும். மற்றது 1948-இல் அமெரிக்காவில் வந்த 'எல்.பி.' தட்டு. இது வினைல் என்னும் பிளாஸ்டிக். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அந்தக் குடும்பத்துப் பொருள்தான். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் அல்ல, முப்பத்து மூன்றே மூன்றில் ஒரு பங்கு முறை சுழலும். சிறிய தட்டுகள் 45 முறை சுழலும். நடுவில் உள்ள காகித வட்டத்தில் இது அச்சிட்டிருக்கும். படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

இந்த வேற்றுமையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு விஷம். தச்சர்கள் நாற்காலிக்கு மெருகு ஏற்ற அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில். அப்படியானால் அரக்குத் தட்டின் மேல் ஸ்பிரிட்டோ, கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசரோ பட்டால் என்ன ஆகும்? தட்டின் மேற்பரப்பு கரைந்து பாட்டும் கரைந்துவிடும். சாராயச் சத்து உள்ள எதையும் 78 தட்டின் அருகில் கொண்டு போகவே கூடாது. வினைல் தட்டுக்குச் சிலர் அதைச் சிறிது சேர்ப்பதுண்டு. எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. வீட்டில் இரண்டு வகைத் தட்டும் கலந்திருக்கும்போது அந்தப் பாட்டிலே மேசையில் இல்லாமல் இருப்பது நல்லது.

இனி அழுக்கைப் பார்ப்போம். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது பல வட்டங்கள் அல்ல, வெளியில் தொடங்கி உள்ளே முடியும் ஒரே ஒரு பள்ளம். 20 நிமிடம் பாடும் பக்கம் 660 முறைக்கு மேல் சுழல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் பள்ளத்தை நீட்டினால் 400 மீட்டருக்கு மேல் வருகிறது. அகலமோ ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். அதன் இரு சுவர்களிலும்தான் பாட்டு இருக்கிறது. நம் ஏரியின் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் என்ன ஆகிறது என்று ஏரியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறால் உள்ளே வராது. பள்ளத்தில் தூசி அடைத்தாலும் அதே கதைதான்.

மற்ற ஊர்களில் தூசி ஒன்றுதான் எதிரி. நமக்கு உப்பு. காற்றில் உப்பு, கையில் உப்பு, கிணற்றில் உப்பு. உப்பு வெறுமனே பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் காகித உறையில் ஊறும். ஊறிய உறையில் பூஞ்சணம் பிடிக்கும். பாட்டுக்கு நடுவே 'டொக் டொக்' என்று கேட்கும் சத்தத்தில் பாதி இந்த உப்புக் கற்கள் மேல் ஊசி ஏறி இறங்குவதுதான் என்று நினைக்கிறேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரிக்கார்டு' என்று கேலி செய்வோம் அல்லவா? எங்கள் பெட்டியில் அப்படி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த நான்கு தட்டுகளில் மூன்றில் கீறலே இல்லை. கழுவிய பிறகு நேராகப் பாடின. ரிக்கார்டை நாம் வீணாகப் பழித்திருக்கிறோம்!

ஆகவே எங்கள் ஊரில் சுத்தம் செய்வது என்றால் முதற் கேள்வி சோப்பு அல்ல, தண்ணீர். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல மிகுதியாக இருக்கிறது. எந்தத் தண்ணீரில் கழுவுவது? அறிவியல் பாடத்தில் கடின நீர் பற்றிப் படித்தோம். சோப்பு நுரைக்காது, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அதை வைத்து ஒரு சோதனை செய்தேன். ஒரு கண்ணாடித் துண்டை நன்றாகத் துடைத்து, அதன் மேல் நான்கு சொட்டுகளை வரிசையாக வைத்தேன். முதலாவது எங்கள் தெருக் கைபம்புத் தண்ணீர். இரண்டாவது, குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். மூன்றாவது, மொட்டை மாடியில் நேராகப் பாத்திரத்தில் பிடித்த மழைத் தண்ணீர். நான்காவது, படகு பேட்டரிக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர். நிழலில் காய விட்டேன். கைபம்புச் சொட்டு இருந்த இடத்தில் கோலப்பொடி வைத்தது போல வெள்ளை வட்டம். நகத்தால் சுரண்டினால் மணல் மணலாக வந்தது. கேன் தண்ணீர் மெல்லிய வளையம் ஒன்றை விட்டது. மழைத் தண்ணீர் கூர்ந்து பார்த்தால் தெரியும் அளவுக்கு ஒரு நிழல். பேட்டரித் தண்ணீர் இருந்த இடமே தெரியவில்லை.

இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆனால் இதைப் பார்த்த பிறகு பம்புத் தண்ணீரில் தட்டைக் கழுவ யாருக்கும் மனம் வராது. தலைமயிர் அளவுப் பள்ளம் முழுவதும் அந்த வெள்ளை மணலை நாமே நிரப்பியது போல ஆகும். அப்பா கடலில் இருந்து வந்ததும் முதல் வேலையாகப் படகு இஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விடுவார். உப்புத் தண்ணீரை உப்புத் தண்ணீரால் கழுவ முடியாது என்பது எங்கள் குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இஞ்சினுக்குத் தெரிந்தது பிளேட்டுக்கு மட்டும் மறந்து போகிறது.

பேட்டரித் தண்ணீர் என்பது காய்ச்சி வடித்த நீரோ, உப்பு நீக்கிய நீரோதான். பொன்னேரியில் பேட்டரிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் லிட்டர் 50 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு லிட்டரில் இருபது தட்டாவது கழுவலாம். அதுவும் வேண்டாம் என்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைக்கலாம். முதல் மழை வேண்டாம். காற்றின் தூசியை எல்லாம் அள்ளி வரும். கூரையில் இருந்து வழியும் தண்ணீரும் வேண்டாம். புயல் காற்றோடு வரும் மழையையும் நம்பக்கூடாது. அலைத் துளி கலந்திருக்கும். அமைதியாக இரண்டு மணி நேரம் பெய்யும் மழையில், திறந்த வெளியில் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தால் போதும். மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி வைத்துச் சில நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

தண்ணீர் கிடைத்துவிட்டால் மற்றவை சுலபம். ஒரு லிட்டர் பேட்டரித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். தூளும் சோப்புக்கட்டியும் ஆகவே ஆகாது. தூள் சுரண்டும், கட்டி படியும். சாம்பலைப் பற்றிக் கேட்காதீர்கள்! பூந்திக்கொட்டை பட்டுச் சேலைக்கு நல்லது. அதன் சக்கை பள்ளத்தில் நின்றுவிடும் என்பதால் தட்டுக்கு நான் சேர்க்கவில்லை. துடைப்பதற்கு வெல்வெட் துண்டு மிக உத்தமம். அதன் மயிர் பள்ளத்துக்குள் இறங்கும், ஆனால் கீறாது. ரிக்கார்டு துடைக்க வெல்வெட் ஒட்டிய சிறு கட்டைகளை அந்தக் காலத்தில் விற்பார்களாம். தையற்கடையில் ரவிக்கை வெட்டியது போக விழும் துண்டைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். சாயம் போகாத துண்டா என்று முதலில் நனைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றி எடுக்கத் தாத்தாவின் பழைய மல் வேட்டி.

முதலில் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். இதைச் செய்யாமல் ஈரம் பட்டால் தூசி சேறாகிவிடும். பூஞ்சணம் இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடைக்க வேண்டும். அந்தத் தூள் மூச்சில் ஏறுவது நல்லதல்ல. பிறகு மேசையில் துண்டை விரித்துத் தட்டை வைத்து, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த வெல்வெட்டால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் அழுக்கு ஒரு பள்ளத்தில் இருந்து அடுத்த பள்ளத்துக்கு வீடு மாறும், அவ்வளவுதான். நடுவில் உள்ள காகிதத்தில் ஈரம் படக்கூடாது. பட்டால் மை கரையும். பாட்டு யாருடையது என்பதே போய்விடும். எல்.பி. தட்டின் காகிதம் 10 சென்டிமீட்டர் குறுக்களவு. அதைவிடச் சற்றுப் பெரிய டப்பா மூடியைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டால் கவலையில்லை. பின்னர் வேறொரு துண்டால் வெறும் பேட்டரித் தண்ணீர் தொட்டு இரண்டு முறை துடைப்பதை மறக்கக்கூடாது. சோப்பு தங்கினால் அதுவே அழுக்கு. அரக்குத் தட்டை ஒருபோதும் ஊற வைக்காமல், விரைவாகத் துடைத்து உடனே ஒற்றிவிட வேண்டும்.

காய வைக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு ஸ்டாண்டுதான். கம்பிகளில் துணி சுற்றி நிமிர்த்தி நிறுத்தினேன். அம்மா பார்த்துவிட்டு, "பாட்டுத் தட்டுக்கு இடம் குடுத்துட்டு நாங்க வாழை இலையில சாப்பிடணுமா?" என்று கேட்டார். நிழலில் ஒரு மணி நேரம் போதும். வெயிலில் மட்டும் வைக்கவே கூடாது. கருவாட்டைப் போல மணலில் பரப்பினால் சித்திரை வெயிலில் வினைல் தட்டு அப்பளமாக வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்த வழி தேடுவதைவிட வளையாமல் பார்ப்பது எளிது. கடற்காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னலையும் அந்த ஒரு மணி நேரம் சாத்தி வைக்க வேண்டும்.

ஆயாவிடம்தான் எனக்குப் பெரிய போராட்டம். "கொஞ்சூண்டு தேங்காண்ணெ தொட்டுத் துடைச்சா புதுசு மாதிரி மின்னும்டி, உங்க தாத்தா அப்படித்தான் பண்ணுவாரு" என்றார். "மின்னும் ஆயா, ஆனா பாடாது" என்றேன். எண்ணெய் பட்ட இடத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் அப்படியே பிசுக்கை விட்டுப் போகும். மைக் செட் வைத்திருந்தவர்கள் எண்ணெய் தடவியதற்கு ஒரு காரணம் இருந்தது. அன்றிரவு விசேஷத்துக்குத் தட்டு ஓடினால் போதும் என்பது அவர்கள் அவசரம். நமக்கு இன்னும் ஐம்பது வருடம் ஓட வேண்டும்.

கழுவிய தட்டைப் பழைய உறையிலேயே திரும்பப் போடுவது, குளித்துவிட்டு அழுக்குப் பாவாடையைக் கட்டிக்கொள்வது போன்றது. வெள்ளைத் தாளில் உறை மடித்துப் போடலாம், செய்தித்தாள் வேண்டாம். புத்தகம் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு வளையும் அல்லது உடையும். தகரக் கூரைக்கு நேர் கீழே பரண் இருந்தால் கோடையில் பெட்டியை இறக்கிவிட வேண்டும், மழைக்காலத்தில் ஏற்றிவிட வேண்டும். ஊசி முனையில் சேரும் பஞ்சு போன்ற அழுக்கையும் தூரிகையால் பின்புறமிருந்து முன்புறமாக மெல்லத் தட்டிவிட வேண்டும்.

இதற்கென்றே உறிஞ்சும் இயந்திரங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. விலை பல பத்தாயிரம் ரூபாய். வெள்ளைப் பசையைத் தட்டு முழுவதும் ஊற்றிக் காய்ந்ததும் தோல் போல உரித்தெடுப்பவர்களும் உண்டு. உரித்தால் அழுக்கும் சேர்ந்து வருமாம். எனக்கு அதில் துணிச்சல் இல்லை. அரக்குத் தட்டில் அதைச் செய்யவே கூடாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் எவ்வளவு பெரிய சேகரிப்பை வைத்திருக்கிறது! அவர்கள் சொல்லும் முறையும் என்ன? உப்பு நீக்கிய நீரில் மென்மையான நுரைப்பொருளை மிகச் சிறிதளவு கலந்து துடைத்து, மறுபடியும் உப்பு நீக்கிய நீரிலேயே அலசி, நிமிர்த்தி வைப்பது. நுரைப்பொருளின் பெயர் வேறு. மற்றபடி நாம் செய்வதுதான். நமக்கு ஒரு சலுகைகூட உண்டு. வறண்ட ஊர்களில் தட்டைத் துடைக்கத் துடைக்க மின்னேற்றம் ஏறித் தூசியை இழுத்துக்கொள்ளும். நம் ஈரக் காற்றில் அந்தத் தொல்லை குறைவு.

அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு, 1987-க்குப் பிறகு முதன்முறையாக, சி.டி.க்களைவிட இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் அதிகம் விற்றன. சென்னையிலும் புதுத் தட்டு ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிறது. அதற்காக நம் தட்டுகளை விலைக்கு விற்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. திருவிழாவில் தேய்ந்த தட்டுக்கு யாரும் அவ்வளவு தரமாட்டார்கள். காயலான் கடைக்காரர் எங்கள் பெட்டி முழுவதற்கும் சொன்ன விலை ஒரு கிலோ இறாலுக்கும் காணாது. இந்த விலைக்காகவா கொடுப்பது?

எங்கள் பெட்டியில் 63 தட்டுகள் இருந்தன. ஒன்பது உடைந்தவை. இதுவரை நாற்பது கழுவியாயிற்று. எல்லாம் புதிது போலப் பாடுகின்றன என்று பொய் சொல்லமாட்டேன். கழுவுவதால் அழுக்குப் போகுமே தவிரக் கீறல் போகாது. மழுங்கிய ஊசி தேய்த்த தேய்வும் போகாது. சில தட்டுகளில் பாட்டு, மழைச் சத்தத்துக்குள் இருந்து வருவது போலத்தான் வருகிறது. இருந்தாலும் 1971-இல் வந்த 'அன்னை வேளாங்கண்ணி' படப் பாட்டுத் தட்டை ஓட்டியபோது தெருவில் போன இரண்டு பெரியம்மாமார்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சித்தப்பாவும் எடைக்குப் போடும் பேச்சை இப்போது எடுப்பதில்லை.

ஆனால் வேறொரு பேச்சு இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். துடைக்கும் வரை எல்லாம் என் கையில். பிளேயரில் வைக்கும் நேரம் வந்ததும், "நீ தொடாதே, ஊசி போயிடும்" என்று தம்பி வந்து நிற்பான். அவன் ஆறாம் வகுப்பு! எங்கள் வீட்டில் மட்டுமா இப்படி? பாத்திரம், துணி, வாசல், சாமி படம், டி.வி. மேல் தூசி, எல்லாம் துடைப்பது பெண் பிள்ளைகள். இயக்குவது மட்டும் வேறு கை. மைக் செட் காலத்திலும் ஆயாதான் தட்டுகளைத் துடைத்து அடுக்கித் தருவாராம்; ஒரு நாளும் ஊசியைத் தட்டில் வைத்ததில்லையாம். நாற்பது வருடம் துடைத்தவருக்கு எந்தத் தட்டில் என்ன பாட்டு என்பது காகித நிறத்தை வைத்துத்தான் தெரியும், எழுத்துப் படிக்கத் தெரியாது. சென்ற மாதம் ஆயாவின் கையைப் பிடித்து நான்தான் ஊசியை வைக்கச் சொன்னேன். கை நடுங்கியது, ஆனால் சரியான இடத்தில்தான் இறங்கியது. தட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவளுக்குத்தான் ஊசியின் அருமை தெரியும். ஆகவே ஊசி வைக்கும் உரிமையும் அவளுக்கே முதலில் என்பது என் உறுதியான கருத்து. தம்பி இதைப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

நம் பள்ளி இசை அறையின் கண்ணாடி அலமாரியில் கீழ்த்தட்டு முழுவதும் இசைத்தட்டுகள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கன்னியர் மடத்தில் முன்பு இருந்த சிஸ்டர்கள் சேர்த்தவையாம். ஆங்கிலக் குழந்தைப் பாடல்கள், கிறிஸ்துமஸ் கீதங்கள், தமிழ்ப் பக்திப் பாடல்கள் என்று உறைகளில் எழுதியிருக்கிறது. இசை ஆசிரியை ஒன்றை எடுத்துக் காட்டினார்; உப்பும் பூஞ்சணமும் எங்கள் வீட்டுப் பெட்டியைப் போலவே. வாரத்துக்குப் பத்துத் தட்டு என்று எடுத்துக்கொண்டால் காலாண்டுத் தேர்வுக்குள் முடித்துவிடலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் வந்தால், எங்கள் தேர்வுப் படிப்புக்கும் இடைஞ்சல் வராது. சனிக்கிழமை காலையில் அறையைத் திறந்து தருவதாக இசை ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். வெல்வெட் துண்டுகள் தையல் வகுப்பில் இருக்கின்றன. பேட்டரித் தண்ணீருக்கு நான் பொறுப்பு. பெரிய டப்பா மூடியும் பழைய மல் துணியும் வீட்டில் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்.